அஷ்டமியில் சார்ல்ஸ்டன்

எங்கள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு தினசரி காலண்டர் மாட்டியிருந்தது. அம்மா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்தபோது, துணிகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தது. அதற்கு நேர் எதிரே, ஃபிரிட்ஜ் கதவில், நான் அச்செடுத்து ஒட்டிய கடல் ஓத அட்டவணை. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்ற கணக்கு. மூன்று இரவுப் பயணம் ஒன்றுக்கு நாள் குறிக்க எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றரை வாரம் பிடித்தது இந்த இரண்டு தாள்களால்தான்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ஷார்லட் நகரில். அங்கிருந்து தெற்கே இறங்கி, கொலம்பியாவில் திரும்பிக் கடலை நோக்கிப் போனால் சுமார் 210 மைலில் சார்ல்ஸ்டன். காரில் மூன்றரை மணி நேரம். 1670-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர். இரண்டாம் சார்லஸ் மன்னரின் பெயரால் முதலில் சார்ல்ஸ் டவுன். சுதந்திரப் போர் முடிந்து 1783-இல் சார்ல்ஸ்டன் ஆனது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்குபோல நீண்ட நிலம். ஆஷ்லி ஆறும் கூப்பர் ஆறும் சேர்ந்துதான் அட்லாண்டிக் பெருங்கடலே உண்டாகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் அலட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா என்ன.

ஓத அட்டவணைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், முதல் முறை பட்ட பாடு. சில வருடங்களுக்கு முன் ஜூலை மாதத்தில், விடுமுறை கிடைத்ததே என்று கிளம்பிவிட்டோம். இரண்டு நாளில் பன்னிரண்டு இடங்கள் என்று பட்டியல். வெயில் சென்னை மே மாதத்தைத் தோற்கடித்தது. ‘பழைய நகரத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று விளம்பரம் செய்த விடுதி இருந்ததோ நெடுஞ்சாலை ஓரத்தில், இருபத்தைந்து நிமிடத் தொலைவில். கடைசி நாள் ஒரு மழை. பெரிய மழைகூட இல்லை. ஆனால் கடல் ஏறிய நேரமும் மழை பெய்த நேரமும் ஒன்றாகிவிட, மார்க்கெட் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். காரை எடுக்கவே மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்: பழைய சார்ல்ஸ்டனின் கணிசமான பகுதி ஓடைகளையும் சதுப்பையும் தூர்த்துக் கட்டியது. வாட்டர் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவே இருக்கிறது, முன்பு ஓடையாக இருந்தது அது. தூர்த்த ஓடைக்கு ஞாபகசக்தி அதிகம். கடல் ஏறும்போது பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்துவிடும். துறைமுக அளவுகோலில் ஏழு அடியைத் தாண்டினால், வானத்தில் ஒரு மேகம் இல்லாவிட்டாலும் சில தெருக்களில் தண்ணீர் நிற்கும். அதுவும் இலையுதிர் காலத்தில்தான் கடல் மட்டம் உச்சத்தில் இருக்கும்.

அதனால் இந்த முறை கடலைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பது என்று முடிவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும். சந்திரன் பாதியாகத் தெரியும் நாட்களை ஒட்டி ஏற்றம் குறைவு. நவம்பரில் பிள்ளைகளுக்குத் திங்கள்கிழமை விடுமுறை வரும் வாரக்கடைசி ஒன்று இருந்தது. தீபாவளி முடிந்து மறு வாரம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. அப்படியானால் மறு வாரம் பாதி நிலா. அட்டவணையைப் பார்த்தேன், அந்த மூன்று நாளும் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. வெயிலும் போயிருக்கும். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா காலண்டரைப் புரட்டினாள். “சனிக்கிழமை அஷ்டமி. ஞாயித்துக்கிழமை நவமி. வேற நாளே கிடைக்கலயாடி ஒனக்கு?”

பாதி நிலா என்றால் அஷ்டமிதானே. இத்தனை நாள் இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை. கடல் எந்த நாளை நல்ல நாள் என்கிறதோ, அதே நாளைத்தான் காலண்டர் ஆகாத நாள் என்கிறது. அமாவாசை அன்று போகலாமே, நிறைந்த நாள் ஆயிற்றே என்று அம்மா. அன்று போனால் காரைப் படகாகத்தான் ஓட்டவேண்டும் என்று நான். கடைசியில் என் கணவர் நடுவில் புகுந்து ஒரு சமாதானம் சொன்னார். வெள்ளிக்கிழமை சப்தமி. அன்றே வாசற்படி தாண்டிவிட்டால், அஷ்டமி வழியில் வந்து சேர்ந்துகொண்டால் நாம் என்ன செய்ய முடியும்? மாப்பிள்ளை சொன்னால் அம்மா மறுக்கமாட்டாள். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்: இங்கே வெள்ளி மத்தியானம் என்றால் ஊரில் இராத்திரி, அங்கே அஷ்டமி பிறந்திருக்குமே, எந்த ஊர்க் கணக்கு? இதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அரை நாள் முன்னதாகவே அழைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புவது என்று தீர்ப்பாயிற்று.

நாள் முடிவானதும் இடம். இங்கேதான் முதல் பயணத்தின் பாடத்தை நான் கறாராகப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒன்று, ஒன்றுக்கு மேல் யாருக்கும் கிடையாது. ஏழு வயது மகனுக்குப் படகு. பதின்மூன்று வயது மகளுக்குப் புதிதாகத் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், பள்ளியில் படித்திருந்தாள். கணவருக்கு யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பல், 1968-இல் அப்போலோ 8 விண்வெளி வீரர்களைக் கடலிலிருந்து மீட்ட கப்பல். ஆனால் உள்ளே எல்லாம் செங்குத்தான இரும்பு ஏணிகள், அம்மாவின் முட்டிக்கு ஆகாது. ‘அடுத்த தடவை’ என்று அவரே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார், முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் “எனக்கு என்னடி தெரியும், நீங்க கூட்டிட்டுப் போற எடத்துக்கு வர்றேன்” என்றாள். அவளுக்காக நான்தான் தேடினேன். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் நெல்.

சார்ல்ஸ்டனைப் பணக்கார ஊராக்கியது நெல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏற்றுமதியான கரோலினா அரிசியில் எழும்பியவைதான் இன்று எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாளிகைகள். வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்த பெண்ணை அமெரிக்காவில் எங்கே கூட்டிப்போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது போதாதா? நெல் வயல் என்றால் பண்ணை மாளிகைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. அந்த மாளிகைகள் சிலவற்றில் இன்றைக்கும் கல்யாணம் நடக்கிறது. அடிமைகள் குடியிருந்த வரிசை வீடுகளைத் தாண்டி மணப்பெண் நடந்து வருகிறாள். அதை என் மகளுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. ஊருக்கு மேற்கே அரை மணித் தொலைவில், காவ் காவ் என்ற மாவட்டப் பூங்கா இருக்கிறது. பழைய நெல் வயல்கள், வரப்புகள், மதகுகள், நிறைய பறவைகள், முதலைகள். மாளிகை இல்லை. அதைப் பட்டியலில் எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அம்மா மீன் சாப்பிடுவாள். மாடும் பன்றியும் தொடமாட்டாள். கடல் ஊர், மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சமில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அங்கே கீரையை வேகவைப்பதே பன்றிக்காலோடுதான். காராமணியும் அரிசியும் சேர்த்துச் செய்யும் ஹாப்பின் ஜான் பார்ப்பதற்கு நம் பயறுசாதம் போலவே இருக்கும், அதற்குள்ளும் பன்றிக்கொழுப்பு. கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு பெட்டி நிறையப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டோம். தங்கியது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மவுண்ட் பிளசன்டில், சமையலறை உள்ள விடுதி. பாலத்தைத் தாண்டினால் பழைய ஊர். இந்த முறை தொலைவை வரைபடத்தில் நானே அளந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் படகில் சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழுந்த இடம். முதல் படகைப் பிடிப்பதில் ஒரு லாபம், கோட்டையில் கொடியேற்றுவதற்குப் பயணிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். மகன் கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. போகவர, சுற்றிப்பார்க்க எல்லாம் சேர்த்து இரண்டே கால் மணி நேரம். கோட்டையைவிட எனக்கு முக்கியம் அந்தத் தண்ணீர்தான். 1862 மே 13 விடிவதற்கு முன், பிளான்டர் என்ற கப்பலை ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி அதே துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போனார். வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டையைத் தாண்டும்போது ஊதவேண்டிய முறைப்படி சங்கை ஊதி, மனைவி பிள்ளைகள் உட்படப் பலரோடு வடக்கத்திக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டை அவரே வாங்கினார். படகில் இதைச் சொல்லி முடித்தபோது மகள் கைப்பேசியைக் கீழே வைத்திருந்தாள். பதின்மூன்று வயதில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மாலை நடை மெதுவான நடை. நவம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் நாலு மணிக்கே கிழக்கு பே தெருவில் இருந்தோம். வரிசையாகப் பதின்மூன்று வண்ண வீடுகள். எல்லாரும் அங்கே நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம், பத்து நிமிடம் போதும். அம்மாவுக்குப் பிடித்தது பக்கத்துத் தெருக்களில் உள்ள சாதாரண வீடுகள். ஓர் அறை அகலம்தான் தெருவைப் பார்க்கும். வீடு உள்ளே நீளமாகப் போகும். பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் தாழ்வாரம், தெற்கையோ மேற்கையோ பார்த்து, கடல்காற்று வாங்க. தெருவில் உள்ள கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். “கதவு போட்ட திண்ணையா!” என்று சிரித்தாள். மகனுக்கு வேறு வேலை கொடுத்திருந்தேன். 1886-இல் இங்கே பெரிய நிலநடுக்கம். பிறகு பல வீடுகளின் சுவர்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து, வெளியே வட்டமாகவும் நட்சத்திரமாகவும் தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டே வந்தான். எழுபத்து மூன்றில் தகராறு வந்து நிறுத்திவிட்டோம்.

ஞாயிறு காலை காவ் காவ். கார் நின்றதும் அம்மா கேட்டாள், “இது என்ன காடா?” பத்து நிமிடம் நடந்தோம். மரங்கள் விலகின. இரு பக்கமும் நீர் நிற்கும் பரந்த வெளி, நடுவே நேராக ஒரு வரப்பு. வரப்பின் ஓரிடத்தில், மரச்சட்டத்தில் தொங்கும் பலகைக் கதவு.

அம்மா நின்றுவிட்டாள். கதவைப் பார்த்தாள், ஆறு இருக்கும் திசையைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். “மதகு. இந்தப் பக்கம் உப்புத்தண்ணி ஏறுமா?”

நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். கடல் ஏறும்போது ஆற்றில் உப்புநீர் அடியில் புகுந்து, நல்ல தண்ணீரை மேலே தூக்கும். அந்த நல்ல தண்ணீரை மட்டும் வயலுக்குள் விடவேண்டும். வரப்புக்கு அடியில் ஒரு நீளப் பெட்டி, இரண்டு முனையிலும் கதவு. வெளிக்கதவைத் தூக்கிவிட்டால் ஏறுகிற தண்ணீர் உள்கதவைத் தானே தள்ளித் திறக்கும்; கடல் இறங்கும்போது உள்ளே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே அது மூடிக்கொள்ளும். ஆளே வேண்டாம். அம்மாவின் ஊரில் உப்பு ஏறாமல் இருக்க ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் போட்டிருப்பார்கள். “எங்களுக்கு அது பகையாளி. இவங்க அதையே வேலைக்காரனா வச்சிருக்காங்க” என்றாள். தவறான நேரத்தில் திறந்தால் ஒரு போகம் போய்விடும், வாயில் விட்டுப் பார்த்துத்தான் திறப்பார்கள் என்றும் சொன்னாள். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு வரப்பின் நீளத்தைப் பார்த்துக் கேட்டாள். “இவ்வளவு மண்ணையும் யாருடி வெட்டுனா?”

சொன்னேன். நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். சதுப்புக் காட்டை வெட்டி, இடுப்பளவு சேற்றில் நின்று, முதலைக்கும் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே. நெல்லை மட்டுமல்ல, நெல் வைக்கும் விதத்தையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். மண்ணில் குதிகாலால் குழி பறித்து விதை போட்டு, கால்விரலால் மூடும் வழக்கம்கூட அங்கிருந்து வந்தது என்கிறார்கள்.

மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். “அம்மாச்சி, உங்க வயல்ல யாரு வேலை செஞ்சா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். அம்மா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். “பண்ணையாளுங்க இருந்தாங்க.”

“அவங்களுக்குச் சம்பளம் உண்டா?”

“நெல்லாக் குடுப்போம். எங்கப்பாதான் அளந்து குடுப்பாரு. கொல்லைப் பக்கமா வந்து வாங்கிக்குவாங்க.” சற்று நேரம் கழித்து, “வேற பண்ணைக்குப் போறேன்னு சொல்ல முடியாது. கடன் இருக்கும். அவங்க அப்பன் வாங்குன கடன்” என்றாள்.

தஞ்சை மாவட்டப் பண்ணையாட்களுக்கென்று 1952-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அம்மா அப்போது கைக்குழந்தை. சட்டம் வந்த பிறகும் கொல்லை வழி மாறவில்லை என்பதைத்தான் அவள் பார்த்து வளர்ந்திருக்கிறாள். இதை இதுவரை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஏலம் போட்டு விற்றதும் இதுவும் ஒன்றா என்று மகள் என்னைக் கேட்டாள். ஒன்றில்லை என்றேன். அதற்கு மேல் எப்படித் தொடர்வது என்று தெரியாமல், முதலை படுத்திருந்த மேட்டைக் காட்டினேன்.

திரும்பும் வழியில் ஜான்ஸ் தீவில் ஏஞ்சல் ஓக் மரம். நானூறு ஐந்நூறு வயது சொல்கிறார்கள். கிளைகள் தரையில் ஊன்றி மறுபடி எழும்புகின்றன. இலவசம், நடை குறைவு, நிழல் அதிகம், முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நம்மூராக இருந்தால் இந்நேரம் மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள்.

மத்தியானம் அருங்காட்சியகம். 2023-இல் திறந்தது. காட்ஸ்டன் துறை இருந்த இடம். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற இடம். அந்த மண்ணில் கட்டடம் படக்கூடாது என்று 18 தூண்களின் மேல், 13 அடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அடியில், கடல் பக்கமாக ஆழமில்லாத ஒரு குளம். அதன் தரையில் கப்பலில் அடுக்கியதுபோல மனித உருவங்கள் நெருக்கிப் படுத்திருக்கும். தண்ணீர் ஏறினால் மறைகின்றன, இறங்கினால் தெரிகின்றன. மாடியில் மகள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அம்மா ஒரு சுற்று வந்துவிட்டு, கீழே அந்தக் குளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கள் காலை சந்தை. பலர் இதை அடிமைச் சந்தை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லை, இங்கே விற்றது இறைச்சியும் காய்கறியும். ஆட்களை ஏலம்விட்ட கட்டடம் சால்மர்ஸ் தெருவில் இருக்கிறது, இப்போது அதுவும் ஓர் அருங்காட்சியகம். சந்தையில் புல்லால் கூடை முடையும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்லா எனப்படும் சமூகத்தவர், அந்த நெல் வயல்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். அகலமான, ஆழமில்லாத கூடை ஒன்றை அம்மா கையில் எடுத்தாள். எடுத்தவள் அதை இரண்டு தட்டுத் தட்டினாள், மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். முடைந்துகொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். அவரும் வெறுங்கையால் அதே சுழற்று. நெல் புடைக்கத்தான் முதலில் இந்தக் கூடையே பிறந்தது என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கத் தேவை இருந்ததா தெரியவில்லை.

விலையைச் சொன்னார். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கம் அம்மாவை விட்டு ஒருநாளும் போகாது. கறிவேப்பிலைக்கே கணக்குப் போடுவாள். இதைப் பின்னி முடிக்க எத்தனை நாள் என்று மட்டும் கேட்கச் சொன்னாள். கேட்டேன். பேரம் பேசாமல், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

வழியில் சாலையோரக் கடையில் அவித்த கடலை. தோலோடு, உப்புத்தண்ணீரில், சுடச்சுட. தென் கரோலினாவின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியே அதுதான். “இத திங்கவா இவ்வளவு தூரம்” என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு பொட்டலத்தைத் தீர்த்தாள். புளிசாதம் அப்படியே மிஞ்சியது.

கூடையை வரவேற்பறைச் சுவரில் மாட்டலாம் என்று கணவர் ஆணி தேடினார். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நான் வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, அம்மா அந்தக் கூடையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.